போலீஸ் வண்டி வேகத்தை எப்படி அளக்கிறார்கள்? எல்லாரும் வேகமாகப் போகும்போது சிலரை மட்டும் பிடிப்பது ஏன்?

கேட்டவர் நடந்ததையும் எழுதியிருக்கிறார். நால்வழிச் சாலையில், 60 என்று பலகை வைத்த ஓர் ஊர் எல்லையில் இவர் காரும் இன்னும் மூன்று நான்கு கார்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போயிருக்கின்றன. இவரை மட்டும் ஓரங்கட்டச் சொல்லி, 84-ல் வந்ததாகக் காட்டி, ஆயிரம் ரூபாய்க்குச் சலான் போட்டுவிட்டார்கள். "எப்படி அளந்தார்கள், ஏன் என்னை மட்டும்?" என்கிறார்.

நான் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பணியின் பிற்பகுதியில் நெடுஞ்சாலையில் வேகம் அளக்கும் ஸ்பீடு கன்னோடு நின்றிருக்கிறேன். அளப்பது எப்படி என்பதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். ஏன் உங்களை மட்டும் என்பதற்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களைப் பிடித்த எஸ்.ஐ.யைவிட, அன்றைக்குக் கருவியை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னவர்தான் உங்களை அதிகம் தேர்ந்தெடுத்தவர்.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவுதான் அதிவேகத்துக்கான பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு இலகுரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை அபராதம். இதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். "இவர் வேகமாகப் போனார் என்று எனக்குத் தோன்றியது" என ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது, அந்தக் கணிப்பு இயந்திரக் கருவியாலோ மின்னணுக் கருவியாலோ கிடைத்ததாக இருக்க வேண்டும் என்கிறது அது. ஆகவே வெறும் கண்ணால் பார்த்து ஓவர் ஸ்பீடு கேஸ் போட்டால் கோர்ட்டில் நிற்காது. பொதுமக்களுக்கு ஆபத்தான வேகத்திலோ விதத்திலோ ஓட்டினால் அதற்கு 184-வது பிரிவு தனியாக இருக்கிறது. அது வேறு வழக்கு, தண்டனையும் கடுமை.

கருவிகள் பெரும்பாலும் இரண்டு வகை. பழையது ரேடார். ரேடியோ அலையை வண்டி மேல் அனுப்புகிறது, நகரும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். 24 கிகாஹெர்ட்ஸ் அளவில் வேலை செய்யும் கன்னில், நேரெதிரே 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கு இந்த மாற்றம் வினாடிக்கு ஏறத்தாழ 4,470 அதிர்வு. அதை வைத்துக் கருவி வேகத்தைச் சொல்லிவிடும். குறை என்னவென்றால் ரேடாரின் கற்றை டார்ச் வெளிச்சம் மாதிரி போகப் போக விரியும். தூரத்தில் இரண்டு மூன்று வண்டிகள் சேர்ந்து வந்தால், திரையில் தெரியும் எண் எந்த வண்டியுடையது என்பதில் குழப்பம் வரும். பக்கத்தில் லாரி வந்தால் இன்னும் மோசம்.

இப்போது அதிகம் பயன்படுவது லேசர் கன். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் துடிப்பு துடிப்பாக அனுப்பி, ஒவ்வொன்றும் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும். 300 மீட்டர் தூரத்தில் இருக்கும் காரைத் தொட்டுத் திரும்ப ஒளிக்கு ஒரு வினாடியில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அரை வினாடிக்கும் குறைவான நேரத்தில் இப்படி நூற்றுக்கும் மேல் துடிப்புகளை அனுப்பி, தூரம் எவ்வளவு குறைந்துகொண்டே வருகிறது என்று கணக்கிட்டு வேகத்தைக் காட்டும். 300 மீட்டரில்கூட இதன் கற்றை ஒரு மீட்டர் அகலத்துக்குள்தான் இருக்கும். அதனால் நான்கு கார் சேர்ந்து வந்தாலும் ஒன்றை மட்டும் குறிவைக்க முடியும். நம்பர் பிளேட்டைக் குறிவைப்பார்கள், ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். கை ஆடினால் குறி வண்டியின் பக்கவாட்டில் வழுக்கி அளவு கெடும் என்பதால் முக்காலியில் பொருத்துவதுதான் முறை.

"சாலைக்கு ஓரத்தில் சாய்வாக நின்று அளந்தால் தப்பாகக் காட்டாதா?" என்று நிறைய பேர் கேட்பார்கள். காட்டும், ஆனால் உங்களுக்குச் சாதகமாக. வண்டி வரும் திசைக்கும் கருவி பார்க்கும் திசைக்கும் 20 பாகைக் கோணம் இருந்தால், 80-ல் வரும் வண்டியை 75 என்றுதான் காட்டும். கோணத்தால் வேகம் கூடுதலாகத் தெரிய வழியே இல்லை. இன்னொன்று, காரின் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாதபடிதான் தயாரிப்பார்கள். கன்னில் 84 வந்திருந்தால் உங்கள் மீட்டரில் அநேகமாக 85-க்கு மேல் ஓடியிருக்கும்.

சரி, உங்களை மட்டும் ஏன்?

களத்தில் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். கன் வைத்திருப்பவர் ஓரிடத்தில் நிற்பார், அல்லது கருவி பொருத்திய இன்டர்செப்டர் என்ற போலீஸ் வண்டிக்குள் இருப்பார். நிறுத்துகிற டீம் அங்கிருந்து முந்நூறு நானூறு மீட்டர் தள்ளி நிற்கும். "வெள்ளை ஸ்விஃப்ட், வலது லேன், எண்பத்தி நாலு" என்று வயர்லெஸ்ஸில் சொல்வார். அங்கே ஒருவர் கையைக் காட்டுவார், கார் ஓரங்கட்டும். லைசென்ஸ், ஆர்.சி. பார்த்து, மெஷினில் நம்பர் ஏற்றி, "சார் நான் அவ்வளவு வேகமா வரலை" என்பதைக் கேட்டு, கன்னில் பதிவான படத்தைக் காட்டி, சலான் கொடுத்து அனுப்ப ஐந்து நிமிடமாவது ஆகும். போக்குவரத்து உள்ள சாலையில் அந்த ஐந்து நிமிடத்தில் நூறு வண்டி கடந்துவிடும். அதில் நாற்பது வண்டி வேக எல்லை மீறிப் போனாலும் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. உங்களோடு வந்த மற்ற கார்களை யாரும் மன்னித்து விடவில்லை. அவற்றைப் பிடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கூட்டமாக வரும்போது கன்காரர் எதைக் குறிவைப்பார்? மறைவில்லாமல் நேராகத் தெரிகிற வண்டியை, அதாவது பெரும்பாலும் முன்னால் வருவதை, இல்லையென்றால் மற்றவற்றை முந்திக்கொண்டு வருவதை. நிறுத்துகிற டீமுக்கு வேறு கணக்கு. ஆறுவழிச் சாலையில் வலது ஓரத்தில் நூறுக்கு மேல் பறந்து வரும் காரை மறித்து இடதுபக்கம் இழுத்தால் பின்னால் வருபவன் வந்து மோதுவான். ஏட்டு ஒருவர் கையைக் காட்டியபடி சாலைக்குள் கால் வைப்பதே உயிரைப் பணயம் வைக்கிற வேலை. பணியில் வண்டி மோதிச் செத்தவர்கள் எங்கள் துறையில் நிறைய. எனவே நிறுத்தக்கூடிய வண்டியைத்தான் நிறுத்துவோம். இடது லேனில் வருகிறவர், கையைக் காட்டினால் பயந்து நிற்கிறவர், டூவீலர்காரர். ஆக அதிகம் மாட்டுவது நிறுத்த முடிந்தவர்கள். மிக வேகமாகப் போனவர்கள் அதில் குறைவு. இது எனக்குக் கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது.

விட்டுவிடுவதும் உண்டு. பின் சீட்டில் வலியில் துடிக்கிற பெண்ணோடு ஆஸ்பத்திரிக்கு ஓடும் வண்டியை எந்த எஸ்.ஐ.யும் நிறுத்தி வைக்க மாட்டார், வைக்கவும் கூடாது. சிபாரிசு போன் வருவதும் உண்மை. மெஷினில் ஏற்றிவிட்டால் களத்தில் இருக்கும் நாங்கள் அழிக்க முடியாது என்பதால் அதற்குள் போன் வந்துவிடும். வெளிமாநில நம்பரைப் பார்த்தால் "இவங்க வாக்குவாதம் பண்ணாம கட்டிட்டுப் போயிடுவாங்க" என்று கையைக் காட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது தவறு. கருவி காட்டும் எண்ணைத் தவிர வேறு எதையும் பார்த்து வண்டியை நிறுத்தக் கூடாது.

ஆனால் இவற்றையெல்லாம்விடப் பெரிய விஷயம் இடம். சாயங்காலம் ஆனால் மேலிருந்து "இன்னிக்கு எத்தனை கேஸ்?" என்றுதான் கேட்பார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் யாராவது செத்தார்களா என்று கேட்டதை நான் பார்த்ததில்லை. எண்ணிக்கை கேட்டால் எங்கே எண்ணிக்கை சீக்கிரம் ஏறுமோ அங்கேதான் டீம் போய் நிற்கும். மேம்பாலம் இறங்குகிற இடம், சாலை அகலமாகி கால் தானாக அழுத்துகிற இடம், பலகையில் மட்டும் பழைய 60 அப்படியே இருக்கிற இடம். நிழல் இருக்கும், வண்டியை ஓரங்கட்ட இடம் இருக்கும், மதியத்துக்குள் அன்றைய எண்ணிக்கை நிறைந்துவிடும்.

சாவு விழுகிற இடம் அப்படி இருக்காது. தென் மாவட்டத்து நெடுஞ்சாலைகளில் இந்த மாதிரிச் சந்திப்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஊர் ஒரு பக்கம், பள்ளிக்கூடமும் பஸ் ஸ்டாப்பும் மறு பக்கம். நடுவே சென்டர் மீடியனில், அதாவது சாலையைப் பிரிக்கும் நடுத்திட்டில், ஒரு திறப்பு. சர்வீஸ் ரோடு இல்லை, விளக்கு எரிவதில்லை. காட்டுவேலை முடித்து வரும் பெண்கள் தலையில் புல்லுக்கட்டோடு மீடியனில் ஏறி நிற்பார்கள். கட்டைப் பிடித்திருக்கும் கை மறைப்பதால் ஒரு பக்கம்தான் பார்க்க முடியும். வருகிற கார் 60-லா 90-லா என்று அவர்களுக்குக் கணிக்கத் தெரியாது, யாருக்குமே தெரியாது. தூரத்தைத்தான் கண் சொல்லும், நேரே வரும் வண்டியின் வேகத்தைச் சொல்லாது. அங்கே கன் வைத்தால் வண்டியை நிறுத்த இடமில்லை, நிற்க நிழலில்லை, கேஸும் கம்மி. அதனால் அங்கே யாரும் வைப்பதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விளக்கப்படி, தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து ஐந்து நடந்திருந்தாலோ, பத்துப் பேர் இறந்திருந்தாலோ அது பிளாக் ஸ்பாட். பட்டியல் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. கன் நிற்க வேண்டிய இடம் அந்தப் பட்டியலில் இருந்துதான் வர வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

"20 கிலோமீட்டர் கூடப் போனால் என்ன ஆகிவிடும்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ந்த தார் ரோடு, நல்ல பிரேக், ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி என்று வைத்துக்கொள்வோம். 60-ல் வருகிற கார் சுமார் 37 மீட்டரில் முழுதாக நின்றுவிடும். அதே இடத்தில், அதே ஆளைப் பார்த்து, அதே ஒரு வினாடியில் பிரேக் போட்டவர் 80-ல் வந்திருந்தால், முதல் கார் நின்ற அதே புள்ளியை அவர் கார் இன்னும் 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும். கூடுதலாக இருந்த இருபது, மோதும்போது அறுபதாகிறது. விபத்து நடந்த இடத்தில் பார்த்ததைப் பதிவு செய்யப் போய் டயர் தேய்ந்த தடத்தை அளந்த யாருக்கும் இது புதிதாக இருக்காது.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 71 சதவீதத்துக்கும் மேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு அதிக விபத்து நடந்த மாநிலம் நம்முடையது, 64,105. அந்த 71 சதவீதத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. எஃப்.ஐ.ஆர். எழுதும்போது "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வரி எழுத்தர் கையில் தானாக வந்துவிடும். வேகத்தை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். சாலையின் குறை, விளக்கில்லாத குறை, தூக்கக் கலக்கம் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் ஒளிந்துகொள்ளும். வேகம் கொல்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லாவற்றையும் வேகத்தின் தலையில் எழுதினால் அந்தச் சந்திப்பில் ஒரு விளக்குக்கூட வராது.

லாரி டிரைவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் காய்கறி ஏற்றிய லாரியை நிறுத்தினால் டிரைவர் பேசுவதே வேறு மாதிரி இருக்கும். "ஐயா, நாலு மணிக்குள்ள கோயம்பேட்டுல இறக்கணும். லேட்டானா ஓனர் வாடகையில பிடிச்சிடுவாரு. ஃபைனும் என் தலையிலதான்யா." 183-வது பிரிவு ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை. தன்னிடம் வேலை செய்பவரை அந்த வேகத்தில் ஓட்ட வைக்கிற முதலாளிக்கும் அதே அபராதம் என்கிறது. எல்லை மீறாமல் முடிக்க முடியாத நேர அட்டவணையை ஒரு முதலாளி வெளியிட்டாலோ, அப்படி ஓட்டச் சொன்னாலோ, அதையே முதல்நிலை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருக்கிறது. ஆனால் ஒரு முதலாளி மேல் இப்படி வழக்குப் போட்டு என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. ஆம்னி பஸ், பார்சல் வேன் என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சாலையில் நிற்கிற நாங்கள் டிரைவரைத்தான் பார்க்கிறோம், அட்டவணை போட்டவர் அலுவலகத்தில் இருக்கிறார்.

கேமரா வந்தால் பாரபட்சம் போய்விடும் என்று நம்புகிறவர்களுக்கு: பாதி போகும். கேமரா ஆள் பார்க்காது, வலது லேன் இடது லேன் பார்க்காது, நிறுத்தவும் வேண்டாம். நம்பர் பிளேட்டைப் படித்து ஆர்.சி. உரிமையாளருக்குச் சலான் அனுப்பிவிடும். ஆனால் எங்கே வைப்பது, எந்த வேகத்துக்கு மேல் படமெடுப்பது என்ற இரண்டையும் மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். கருவிப் பிழைக்காகக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் வழக்குத் தொடங்கும். பிரிட்டனில் அதைப் போலீஸ் வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: வேக எல்லையோடு பத்து சதவீதம், அதன் மேல் 2 மைல். 30 மைல் எல்லைக்கு 35-ல் இருந்து வழக்கு. நம் ஊரிலும் இப்படி வெளிப்படையாக அறிவித்துவிட்டால் பாதிச் சண்டை இருக்காது. பிரிட்டனில் பல சாலைகளில் இரண்டு கேமராவுக்கு இடையே ஆன நேரத்தை வைத்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். கேமராவைப் பார்த்ததும் பிரேக், தாண்டியதும் ஆக்ஸிலரேட்டர் என்கிற பழக்கம் அங்கே பலிக்காது.

கேரளத்தில் 2023 ஜூனில் 726 கேமராக்கள் வைத்தபோது நம் ஆட்கள் எல்லைச் சோதனைச்சாவடி தாண்டியதுமே பயந்து பயந்து ஓட்டினார்கள். அதில் 675 கேமரா ஹெல்மெட், சீட் பெல்ட், கைபேசிக்கானவை. வேகம் அளப்பதற்கென்று இருந்தவை நிலையாக 4, வண்டியில் நகர்வது 4. எட்டே எட்டு.

கேமரா சலான் வந்தவர்கள் மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-யைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள், 2021 ஆகஸ்ட்டில் வந்தது. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்ற எச்சரிக்கைப் பலகை முன்னாலேயே இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும் படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் அதோடு இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "உங்கள் சலானைப் பார்க்க இந்த ஆப்பை இறக்குங்கள்" என்று வந்தால் தொடாதீர்கள், பணத்தை உருவுகிற கும்பல் அது. மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் நீங்களே வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களை நிறுத்திச் சலான் போட்டவரிடம் கன்னில் பதிவான படத்தைப் பார்க்கக் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அதில் வேகம், தூரம், நேரம் இருக்கும், குறி உங்கள் கார் மேல்தான் இருக்கிறதா என்றும் தெரியும். குறி உங்கள் கார் மேல் இருந்து 84 என்று இருந்தால் கட்டிவிடுங்கள். அது நியாயமான சலான், மற்றவர்கள் தப்பித்தார்கள் என்பது கோர்ட்டில் எடுபடாது. குறி வேறு வண்டி மேல் இருந்தாலோ, படமே இல்லை என்றாலோ பணம் கட்டாமல் எதிர்த்து முறையிடுங்கள்.

அந்த இடத்தில் கன் நிற்பதே தவறு என்று நினைத்தால் அதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு உண்டு, எஸ்.பி.யும் நெடுஞ்சாலைத் துறையும் அதில் உட்காருவார்கள். அந்தக் குழுவுக்கு மனு எழுதுங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு விவரம் கேளுங்கள்: கடந்த மூன்று ஆண்டில் உங்கள் காவல் நிலைய எல்லையில் அதிவேக வழக்குகள் எந்தெந்த இடத்தில் போடப்பட்டன, அதே காலத்தில் விபத்து மரணங்கள் எந்தெந்த இடத்தில் நடந்தன. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனுவோடு இணையுங்கள். உங்கள் ஊர்ச் சந்திப்பு இரண்டாவதில் மட்டும் இருந்தால், கன் மட்டும் கேட்காமல் வேகத்தடை, விளக்கு, வண்டியை ஓரங்கட்ட ஓர் ஒதுங்குமிடம் என மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.